நீ சாய்ந்த சுவர்

இன்று காலை உன் துருத்தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். ஊறுகாய் பாட்டிலில் வினிகரை ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் பிய்த்துப் போட்டு நீ ஊறவைத்துக் கொடுத்தது. நார் முழுக்கக் கரைந்துவிட்டது. மூடியைத் திருகியதும் புளித்த இரும்பு வாசனை மூக்கில் ஏறியது. விரல் நீளப் பொம்மைத் தகரக் கொட்டகை ஒன்றுக்குத் துரு வைக்க உட்கார்ந்தவள், வைக்காமலேயே மூடிவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே மாவட்டம் என்பதே, குட்டி வீடுகள் செய்யும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் வீடியோவுக்குக் கீழேதான் தெரிந்தது. ‘எங்க கள்ளக்குறிச்சில நெஜத் துருவே இவ்ளோ அழகா இருக்காது’ என்று நான் தமிழில் கமென்ட் போட்டிருந்தேன். ‘கள்ளக்குறிச்சில எங்க? நான் வெள்ளிமலைப் பக்கம்’ என்று நீ கேட்டாய். அன்றைக்கு நான் குதித்த குதியில் என் தம்பி பயந்துபோனான்.

உங்கள் ஊருக்குக் கொரியர் ஏறாது. அதனால் நீ ஆர்டர் போடும் பிரஷ்ஷும் கலர்ப் பொடியும் என் வீட்டு விலாசத்துக்கு வரும். சனிக்கிழமை நீ பஸ்ஸில் இறங்கி வருவதற்குள் நான் பிரித்திருப்பேன்.

“இன்னாடி, புது பிரஷ்ஷு ஈரமா இருக்குது?”

“செக் பண்ணேன்டி. டேமேஜ்னா ரிட்டன் போடணும்ல.”

“நீதான்டி டேமேஜு.”

எனக்கு எதைப் பார்த்தாலும் துரு வைத்தாக வேண்டும், பாசி பிடிக்க வைத்தாக வேண்டும். நீ கையைத் தட்டிவிடுவாய். “சும்மா அழுக்கு பூசாத. தண்ணி எங்கேருந்து எறங்குது, கை எங்க படுது, மொதல்ல போயி பாரு.” நான் போனில் பார்ப்பேன். நீ எழுந்துபோய்ப் பார்ப்பாய்.

நீ கடைசியாகச் செய்தது உன் சொந்த வீட்டை. இருபுறமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டில் சுவர், ஐஸ்கிரீம் குச்சியில் கதவு. ஓட்டுக் கூரையைத் தூக்கினால் உள்ளே ஒற்றை அறை தெரியும். அடுப்படிச் சுவரில் புகை, ஸ்விட்சைச் சுற்றி விரல் அழுக்கு, ஜன்னலுக்குக் கீழே மழைச்சாரல். மூன்று சுவர்களை முடித்திருந்தாய். நான்காவது வெறும் வெள்ளை. அதற்குள் காய்ச்சல் வந்தது. காமாலை என்று தெரிந்தபோது தாமதமாகிவிட்டது. உன்னை மலையிலிருந்து கீழே கொண்டுவந்த மறுநாளே எல்லாம் முடிந்துபோனது.

பதினாறாம் நாள் உன் அம்மா அந்த அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தார். “நீயே முடிச்சுக் குடு கண்ணு.”

முடித்தேன். அழுதுகொண்டேதான் செய்தேன், ஆனாலும் உற்சாகம் இருந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஓட்டு இடுக்கிலிருந்து ஒழுகிய மழைக் கோடுகள், அடியில் பச்சைப் பாசி. என் கையில் அவ்வளவு நன்றாக எதுவும் வந்ததில்லை. போட்டோ போட்டேன். ஹார்ட்டாகக் குவிந்தது. அப்புறம்தான் உன் அம்மாவிடம் எடுத்துப்போனேன்.

அம்மா கூரையைத் தூக்கி நிதானமாகப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்தச் செவுத்துல தண்ணியே எறங்காதும்மா. இங்க வா.”

நிஜச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. பழுப்பாக, லேசான மினுமினுப்போடு.

“அவ தல. இங்கதான் சாஞ்சிகினு எதையாச்சும் செஞ்சி ஒட்டிகினு கெடப்பா.”

எதிரே தெரிந்த மூன்று சுவர்களையும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாய். முதுகுக்குப் பின்னால் இருந்ததை நீ பார்க்கவில்லை. நானும் வந்து பார்க்காமல், ஒழுகாத சுவரில் மழை பெய்ய வைத்துவிட்டேன்.

அப்போது உன் அப்பா உள்ளே வந்தார். உன் அண்ணனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். “எம்மா நாளு இத இப்டியே வுட்டு வெப்ப? வர்றவங்க இன்னா நெனப்பாங்க?”

அம்மா என் பக்கம் திரும்பினார். என்னிடம் மட்டும் சொன்னார்: “இந்தச் சின்ன வூட்ல அத வெச்சுக் குடுத்துடு. அப்புறம் சுண்ணாம்பு அடிச்சிக்கட்டும்.”

பையில் இருந்த சாமான்களை அங்கேயே பரப்பி, என் மழையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, வெள்ளை பூசினேன். பிறகு துண்டு அட்டைகளில் கறை வைத்துப் பார்த்தேன். பழுப்பு பெயின்ட் துருவைப் போல இருந்தது. மேலே வார்னிஷ் தடவினால் ஸ்டிக்கர் ஒட்டியது போலாயிற்று. அம்மா ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். “இது டீ கொட்டுனா மாரி இருக்குது.” “இது பல்லி.” இருவரும் சிரித்துவிட்டோம்.

அவர் எழுந்துபோய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தார். “இதையே வெச்சா இன்னா?”

“வேணாம்மா. அட்ட குடிச்சிடும், பரவிடும். அளவும் தப்பாயிடும்...”

நான் சொல்லி முடிக்கவில்லை. விரலை எண்ணெயில் தொட்டு, குட்டிச் சுவரில் ஒற்றிவிட்டார். அந்த அறைக்கு அது பெரிய விரல். ஜன்னலைவிடப் பெரிதாக விழுந்தது கறை. என் கையில் டிஷ்யூ பேப்பர் இருந்தது. உடனே ஒற்றியிருந்தால் பாதி வந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டிஷ்யூவைக் கசக்கிக்கொண்டேன்.

“ஏங்க,” என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அடிச்சிக்குங்க.”

இப்போது நீ சாய்ந்த சுவர் வெள்ளையாக இருக்கிறது. அண்ணி வந்துவிட்டார். குட்டி வீடு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அம்மா கூரையைத் தூக்கிக் காட்டுகிறார். கறை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

“பாத்தியா, வளந்துகினே போவுது,” என்று போன முறை சொன்னார். அவர் குரலில் வருத்தமே இல்லை.

எனக்குக் காரணம் தெரியும். ஃபோம் போர்டின் காகிதம் எண்ணெயை மெல்ல மெல்ல இழுக்கிறது. நிறுத்தவும் தெரியும்: சாக்பீஸை மாவாக அரைத்து அப்பி ஒரு நாள் விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். விட்டால், நீ செய்து முடித்த சுவர்களையும் ஒவ்வொன்றாக அது தின்றுவிடும். சாக்பீஸ் மாவை டப்பாவில் போட்டு ஒவ்வொரு முறையும் மலைக்கு எடுத்துப்போகிறேன். அம்மா கூரையைத் தூக்குவார். நான் பையைத் திறப்பதில்லை.

போன வாரம் கறை மூலையைத் தாண்டி, ஜன்னலுக்குக் கீழே நீ வைத்த சாரலைத் தொட்டிருந்தது. இறங்கி வரும் பஸ்ஸில், திறக்காத டப்பா என் மடியிலேயே இருந்தது.