சுபஸ்ரீ பேரில் ஒரு பிடிவாரண்ட்

பிரியமுள்ள சுபஸ்ரீக்கு அம்மா இந்திராணி எழுதுவது. வல்லக்கோட்டை முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் பூஜாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நைட் டியூட்டி முடித்துவிட்டு சாப்பிடாமல் படுத்துவிடுகிறாய் என்று போனவாரம் சொன்னாய், அப்படிச் செய்யாதே, நோயாளிக்கு ஊசி போடுகிறவளே வயிற்றுப் புண்ணோடு படுத்தால் நன்றாகவா இருக்கும். நம் தெரு சக்திகுமார் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தையும் கறிவேப்பிலைப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், காரியம் கெடும். வாட்ஸப்பில் எழுதினால் பூஜா என் போனை எடுத்துப் படிப்பாள். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேப்பரில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

தெருவில் போலீஸ் உன் பேரைக் கேட்டுக்கொண்டு வந்தது என்று எதிர்வீட்டு நாச்சியார் உனக்குச் சொல்லிவிட்டாள், அவள் வாயைத் தைக்க ஆள் கிடையாது. நீயும் பதறிப்போய், என் பேரில் வாரண்ட் இருக்கிறதா, எப்படிப் பார்ப்பது, விசாரித்துச் சொல்லும்மா என்றாய். விசாரித்துவிட்டேன், இருக்கிறது. நான் சொல்வதை நம்பவேண்டாம், நீயே அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். ஈ-கோர்ட்ஸ் என்று போனில் ஒரு ஆப் இருக்கிறது, அதில் தமிழ்நாடு, காஞ்சிபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் கோர்ட் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால் பேரைப் போட்டுத் தேடும் இடம் வரும். சர்டிபிகேட்டில் உள்ள இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூட மாறாமல் போடு, வருஷத்தையும் போடு. மறியல் கேஸ் என்று ஒன்று வரும், அதில் பதினாலாவது எதிரி நீதான். வாய்தாத் தேதியைத் தொட்டால் அன்றைக்கு நடந்தது ஒரு வரியில் இருக்கும், பிடிவாரண்ட் நிலுவை என்று. ஆப்பில் எல்லாமே ஏறியிருக்காது, நேரில் பார்த்தால்தான் உறுதி என்று வக்கீல் குமாஸ்தா சிவசங்கர் சொன்னதால் என் கேண்டீன் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு கோர்ட்டுக்கே போனேன். பெஞ்ச் கிளார்க்கிடம் கேஸ் நம்பரைச் சொன்னேன், அவர் நோட்டைப் புரட்டி ஆமாம் என்றார். கோர்ட் டூட்டி போலீஸ்காரர், வாரண்ட் எப்போதோ ஸ்டேஷனுக்குப் போய்விட்டது என்றார். இவர்களை எல்லாம் கேட்காமலேயே எனக்குத் தெரியும், அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

உன் பேர் அங்கே எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதே, நீதான் கொடுத்தாய். பூஜா பிளஸ் டூவில் கோட்டை விட்டாள், செல்போன் கம்பெனியில் பிளஸ் டூ பாஸ் ஆனால்தான் எடுப்போம் என்றார்கள், உன் சர்டிபிகேட்டையும் ஆதாரையும் நீயே ஜெராக்ஸ் எடுத்து, நான் நர்ஸ் வேலைக்குப் போகிறேன், இந்தப் பேரை இவள் வைத்துக்கொள்ளட்டும் என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாய். முக ஜாடை ஒன்று என்பதால் யாரும் கேட்கவில்லை, இந்தப் பக்கம் எத்தனையோ வீட்டில் தங்கை அக்கா பேரில்தான் டேக் மாட்டிக்கொண்டு லைனில் நிற்கிறாள். நீ மஸ்கட் போய் ஒரு வருஷம் கழித்து ஷிப்ட் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று பெண்கள் எல்லோரும் ஒரகடம் ரோட்டில் உட்கார்ந்தார்கள். நம்ம பூஜா முதல் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள், வீட்டில் வாயைத் திறக்காதவளுக்கு அன்றைக்குத்தான் வாய் முளைத்தது. போலீஸ் முப்பத்தொரு பேரையும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, கழுத்து டேக்கைப் பார்த்துப் பேர் எழுதிக்கொண்டு, மத்தியானம் தக்காளி சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். மண்டபத்தில் வைத்திருந்து வெளியே அனுப்பிவிட்டால் அத்தோடு கேஸ் தீர்ந்தது என்றுதான் ஊரே நினைத்தது. தீரவில்லை.

சம்மன் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் உன் பேரைப் பார்த்துவிட்டு, அவள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். மற்ற முப்பது பெண்களும் ஒரே நாளில் கோர்ட்டுக்குப் போய் நின்று, தலைக்குக் கொஞ்சம் ஃபைன் கட்டி முடித்துக்கொண்டார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க அன்றைக்கு நானும் போயிருந்தேன், வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கோர்ட் டவாலி வெளியே வந்து உன் பேரை மூன்று தடவை கூப்பிட்டார், அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, யாருமா அந்தப் பொண்ணு என்று கேட்டாள், தெரியலை என்றேன். அப்புறம்தான் வாரண்ட் போட்டார்கள்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது என்று சிவசங்கர் சொன்னார். நீயே வந்து நீதிபதி முன்னால் நின்று மனு போட்டால் வாரண்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம், உன் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைக் காட்டினால் போதும், மறியல் நாளில் நீ இந்த நாட்டிலேயே இல்லை என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிறகு ரோட்டில் உட்கார்ந்தது யார் என்று கேட்பார்கள். இல்லையென்றால் பூஜா போய், நான்தான் உட்கார்ந்தேன், அக்கா பேரில் வேலை பார்த்தேன் என்று ஒத்துக்கொள்ளவேண்டும், ஆள்மாறாட்டம் என்று அதற்குத் தனி கேஸ் வரும். இரண்டு வழியும் பூஜா தலையில்தான் போய் முடிகிறது. அவள் கல்யாணம் ஆவணியில். மாப்பிள்ளை உதயசூரியன் கார் கம்பெனியில் பர்மனென்ட், இந்த மாதிரி இடம் நமக்கு இன்னொரு தடவை வராது. அதனால் இரண்டு வழியும் வேண்டாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். கல்யாணத்துக்கு லீவு போட்டிருக்கிறாய், அதை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதுதான் வாரண்ட் குறுக்கே வரும், அது முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, அதற்குள் பூஜாவுக்கு ஒரு குழந்தை பிறந்துவிடும், குழந்தை பிறந்த பிறகு யாரும் பெண்ணைத் திருப்பி அனுப்பமாட்டார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

போலீஸ்காரர் வந்ததையும் சொல்லவேண்டும். போனில் மறியல் வீடியோவைப் போட்டுக் காட்டினார், அப்போது பூஜா அவருக்கு மோர் கொண்டுவந்து நின்றாள். அவர் வீடியோவைப் பார்க்கிறார், இவளைப் பார்க்கிறார். "இன்னாமா, ரெண்டும் ஒரே ஜாடையா கீது" என்றார். பூஜா, சார் அது வந்து என்று ஆரம்பித்தாள், நான் அவள் காலை மிதித்தேன், நன்றாகவே மிதித்தேன், இரண்டு நாள் நொண்டினாள். அக்கா தங்கச்சிங்க சார், பின்ன எப்படி இருப்பாங்க என்றேன். எழுதிக் கொடுங்க என்றார். வீடியோவில் இருப்பது என் மூத்த மகள் சுபஸ்ரீதான், இந்தப் பிரச்சினைக்கு அப்புறம்தான் வெளிநாடு போனாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி நீ வந்து முத்திரையைக் காட்டினால் என் கையெழுத்து பொய்யாகும், பூஜாவோடு நானும் உள்ளே போவேன். பெற்ற தாயை உள்ளே அனுப்பிவிட்டு நீ ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஜுரம் பார்த்துக்கொண்டிரு.

பூஜா தினமும் அழுகிறாள், அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்கிறாள். அவள் உன்னைக் கூப்பிட்டால், எனக்கு எல்லாம் தெரியும், விடு, உன் கல்யாணத்தைப் பார் என்று சொல்லவேண்டும், குரல் உடையாமல் சொல்லவேண்டும். உனக்குப் படிப்பு கிடைத்தது, வேலை கிடைத்தது, விமானம் கிடைத்தது. அவளுக்கு நாங்கள் கொடுத்தது உன் பேர் ஒன்றுதான், அதையும் திருப்பிக் கேட்காதே. அப்பா மட்டும், ரெண்டும் நாம பெத்ததுதானே இந்திராணி என்று ஒருநாள் சொன்னார். உனக்கு ஆம்பளைப் பிள்ளை பெத்துக் கொடுத்திருந்தா இந்தக் கணக்கே வந்திருக்காது, போய்ப் படு என்றேன். அவர் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கிழவருக்கு வேறு வேலை இல்லை.

நாச்சியார் வாயால் விஷயம் சம்பந்தி வீடுவரை போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா பாப்பம்மாள் நேரே வந்து உட்கார்ந்து, "வாரண்டு கீற பொண்ணை வூட்டுல வெச்சிக்கினு எப்படிம்மா சம்பந்தம் பண்றது" என்று கேட்டாள். அவளை நாங்கள் எப்போதோ தலைமுழுகிவிட்டோம் என்றேன். பூஜா காதில் விழும்படிதான் சொன்னேன். அப்படியென்றால் பத்திரிகையில் அந்தப் பெண் பேர் வரக்கூடாது என்றாள் சம்பந்தி, சரி என்றேன். ஸ்ரீபெரும்புதூரில் அச்சடிக்கக் கொடுக்கும்போது பிரஸ்காரர், ரெண்டாவது பொண்ணு தானேம்மா, கனிஷ்ட குமாரத்தின்னு போட்டுடவா என்று கேட்டார். ஏக புத்திரின்னு போடுப்பா என்றேன். எழுத்துப் பிழை பார்க்க எனக்குத்தான் கொடுத்தார், ஒரு பிழையும் இல்லை.

பத்திரிகை ஒன்று இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் வைத்திருக்கிறேன். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை, உன் ஊர் நேரத்துக்கு ஒன்றரை மணி கழித்துக்கொள், டியூட்டியில் இருந்தாலும் அந்த நேரத்தில் மனசால் இரண்டு அட்சதை போடு. அன்றைக்கு மட்டும் போன் செய்யாதே, மண்டபத்தில் என் போன் யார் கையில் இருக்கும் என்று தெரியாது, உன் போட்டோ வந்து நிற்கும். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக டாக்ஸியில் போகாதே. நீ நூறு வயசு குறையில்லாமல் இருக்கவேண்டும், எங்கே இருந்தாலும் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
இந்திராணி