றாஸ்பெரி கேட்டு வந்தவர்கள்

குருக்கள்மடம்
02.06.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகள் கவிஷ்னாவும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீங்களும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று களுதாவளைப் பிள்ளையாரைக் கேட்டபடி இருக்கிறேன்.

போனில் நான் ஒரு கதையைத் தொடங்கினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் குச்சி வைத்த ஐஸ் பழமும் புடிங்கும் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறேன். கச்சான் காற்று பிடித்து, வெக்கை தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே றோட்டில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபோதுதான் இந்த யோசனை வந்தது. காத்தான்குடி ஜிப்ரி காக்காவின் கடைக்கு எசன்ஸ் வாங்கப் போனேன். அவர் வனிலாவைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு சிவப்புப் போத்தலைத் தூக்கித் தந்தார். "றாஸ்பெரிய எடுங்க தங்கச்சி. செவப்பெண்டாத்தான் புள்ளைகள் வரும்" என்றார்.

பிஸ்கட்டைப் பாலில் நனைத்து அடுக்கி, அதன்மேல் றாஸ்பெரி விட்ட கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றிக் கப்பில் இறுக வைக்கிறேன். முதல் நாள் செய்த இருபதும் பொழுதுபட முன்னமே முடிந்துவிட்டது.

நீங்கள் ஆறு மாத விசாவில் போய் அங்கே பிடுங்குவதும் இதே பழம்தானே? இங்கே ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். கவிஷ்னாவும் கேட்கிறாள்.

உங்கள்
சுலோ


ஸ்கொட்லாந்து
21.06.2024

அன்பின் சுலோ,

கடிதம் கிடைத்தது. நாங்கள் ஆறு பேரும் ஒரு கரவன் வண்டிக்குள்தான் தங்கியிருக்கிறோம். எங்களில் ஒருவருக்கு வந்த முதல் கடிதம் அதுதான். எல்லோரும் முத்திரையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பழத்தைக் கேட்டாய். பெருவிரல் நுனியளவுதான் இருக்கும். சின்னச் சின்ன மணிகளைச் சேர்த்து ஒட்டியதுபோல. மெல்லப் பிடித்து இழுத்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும், பழம் மட்டும் குழியாகக் கையில் வரும். கொஞ்சம் அழுத்தினால் நசிந்துபோகும். நசிந்ததைக் கண்டால் மேற்பார்வைக்காரி தட்டைத் திருப்பித் தந்துவிடுவாள். வாயில் போட்டால் முதலில் புளி, பிறகுதான் இனிப்பு. விதை பல்லிடுக்கில் மாட்டும். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறோம். நித்திரையிலும் எனக்குச் சிவப்புத்தான் தெரிகிறது.

ஊரிலிருந்து சாமித்தம்பி மாமா போன் எடுத்தார். நீ கேற்றில் பலகை தொங்கவிட்டிருக்கிறாயாம். "புருசன் வெளிநாட்டில, பெண்சாதி வாசலில ஐஸ் விக்கிறா. என்ன மருமகன் இது?" என்று கேட்டார். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். நான் வேலை செய்த நெல் ஆலை மூடின பிறகு இரண்டு வருடம் நான் வீட்டில் சும்மா இருந்ததை ஊர் எப்படியெல்லாம் சொன்னது என்று உனக்குத் தெரியும். அந்தப் பேச்சை மாற்றத்தானே இங்கே வந்தேன். செய்வதை மகளுக்கு மட்டும் செய்து கொடு. பலகையைக் கழற்று.

விமல்


குருக்கள்மடம்
14.07.2024

அன்புள்ள அத்தானுக்கு,

பலகையைக் கழற்றவில்லை. பெயின்ற் மங்கலாக இருந்தது. பெரிய எழுத்தில் திரும்ப எழுதுவித்திருக்கிறேன்.

கோபிக்காமல் மிச்சத்தையும் வாசியுங்கள். பழத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நாலு தடவை வாசித்தேன். போத்தலில் இருப்பது நிறமும் வாசமும் மட்டும்தான் என்று விளங்கியது. புளியும் இல்லை, விதையும் இல்லை. பின்வளவில் நிற்கும் சிவப்புக் கொய்யாவில் நல்லாய்ப் பழுத்ததைப் பிடுங்கி, மசித்து, அரித்து எடுத்தேன். அதற்குள் தேசிக்காய்ப் புளி விட்டு, ஊறவைத்த கசகசாவைப் போட்டுக் கலக்கி, எசன்ஸில் அரை மூடி மட்டும் விட்டேன். முதலில் புளித்தது, பிறகு இனித்தது, பல்லிலும் மாட்டியது. கவிஷ்னா "அப்பா புடுங்கிற பழம் இதுதானா?" என்று கேட்டாள். ஓம் என்று சொன்னேன்.

களுதாவளைக் கோயில் திருவிழாவுக்கு இரண்டு பெட்டி ஐஸ் பழம் கொண்டுபோனேன். சாமித்தம்பி மாமாவும் வந்தார். என்னைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றார். வெயில் ஏற ஏற மனிசன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். இன்னொன்றும் கேட்டார்.

ஊர் உங்களைச் சொன்னபோது உங்களுக்காக ஊரோடு சண்டை பிடித்தவள் நான்தான். இப்போது என்னையும் சொல்லட்டும். ஆட்கள் கதைப்பார்கள் என்பதற்காக நான் நிறுத்தமாட்டேன்.

முதுகுக்கு எண்ணெய் போட்டுத் தேயுங்கள். ஐப்பசியில் உங்களை எதிர்பார்க்கிறோம்.

உங்கள்
சுலோ


ஸ்கொட்லாந்து
11.09.2024

அன்பின் சுலோ,

இதை நீ மட்டும் வாசி. மாமிக்குக் காட்டாதே.

அடுத்த மாதக் கடைசியில் விசா முடிகிறது. நான் வரவில்லை. லண்டனில் என் சித்தப்பாவின் மகன் நிற்கிறான். அசைலம் அடிக்கலாம் என்கிறான். ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அகதி விண்ணப்பம் போட வேண்டும். ஐந்தாறு வருடம் எடுக்கும், கிடைத்துவிட்டால் உன்னையும் மகளையும் கூப்பிடலாம்.

அதற்கு வீட்டிலிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம். உன் கையால் எழுது. இரண்டு மூன்று தடவை ஆட்கள் வந்து என்னைத் தேடினார்கள், மிரட்டினார்கள், உனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுது. உன் அண்ணன் ஜெயசீலனுக்கு நடந்ததையும் சேர். ஒரு வீட்டில் ஒருவரைக் கொண்டுபோனால் மற்றவரையும் தேடுவார்கள் என்று நம்புவார்களாம். போனில் சொன்னால் செல்லாது. கையெழுத்தோடு தபாலில்தான் வர வேண்டும்.

சுலோ, நான் திரும்பி வந்து என்ன செய்வேன்? உன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதா? யோசித்துப் பார். ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான்.

விமல்


குருக்கள்மடம்
01.10.2024

அத்தானுக்கு,

வீட்டுக்கு யார் யார் தேடி வந்தார்கள் என்று என் கையால் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எல்லாம் உண்மை.

போன கிழமை திங்கள் காலையில் கிராம சேவகர் வந்தார். பேத்திக்குப் பிறந்தநாள், முப்பது கப் புடிங் கேட்டார். அன்றைக்குப் பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து கேற்றை உலுக்கினார்கள். ஐஸ் பழம் இன்னும் இறுகவில்லை என்று திருப்பி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனம் ஒன்று வாசலில் நின்றது. கவிஷ்னாவை உள்ளே போகச் சொன்னேன். கல்முனையிலிருந்து வந்த கல்யாணக்காரர்கள். பலகையைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். புதன்கிழமை ஜிப்ரி காக்கா, தன் கடைக்கும் போட முடியுமா என்று கேட்டார். உங்களைத் தேடி வந்தது கவிஷ்னாவின் வகுப்பு ரீச்சர் மட்டும்தான். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா எப்போது வருவார் என்று கேட்டார்.

என்னை மிரட்டியவர் ஒருவரும் இல்லை.

நீங்கள் கேட்ட மற்றதை நான் எழுதமாட்டேன். அண்ணனை 2007இல் கொண்டுபோனது இந்த வாசலில் வைத்துத்தான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அண்ணனின் செருப்பு ஒன்று கேற்றடியில் கிடந்தது. அண்ணன் திரும்பி வரவே இல்லை. உங்களுக்கு அது கேட்ட கதை. எனக்குக் கண்ணால் கண்டது. நடந்ததை யார் கேட்டாலும் சொல்லுவேன், எத்தனையோ இடங்களில் சொல்லியும் விட்டோம். ஆனால் நடக்காத ஒன்றுக்கு அதை முட்டுக்கொடுக்க விடமாட்டேன்.

அம்மாவுக்குக் காட்ட வேண்டாம் என்றீர்கள். காட்டவில்லை. நான் வாசிக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவவே கையிலிருந்து வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தா. மடித்து என் கையில் திருப்பித் தந்தா. பிறகு சொன்னா: "ஆக்கள் வந்ததெண்டு எழுதட்டாம். மெய்யா அப்பிடி ஒருத்தன் வந்திருந்தா நான் அவன விட்டிருப்பனா புள்ள? காலப் புடிச்செண்டாலும் எண்ட மகன் எங்கயெண்டு கேட்டிருப்பனே."

அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நடப்பதா என்று கேட்டீர்கள். முன்னால் நடவுங்கள். பக்கத்தில் நடவுங்கள். சும்மா இருந்த இரண்டு வருடமும் நீங்கள் எனக்குப் பாரமாக இருக்கவில்லை. அதை நீங்கள்தான் நம்பவில்லை. விசா முடியும்போது வாருங்கள்.

சுலோஜனா


லண்டன்
28.10.2024

சுலோ,

நீ எழுதாவிட்டாலும் வேலை நின்றுவிடவில்லை. இங்கே இதற்கென்றே எழுதித் தரும் ஒருவர் இருக்கிறார். உன் பெயரில் எழுதி, உன் கையெழுத்தும் போட்டுத் தந்தார். சட்டத்தரணியிடம் கொடுத்தாயிற்று. அவருடைய முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன், யாராவது விசாரித்தால் தேவைப்படும்.

நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை. கேட்டால் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். உனக்கும் மகளுக்கும்தான் இதெல்லாம்.

கோபமாக இருப்பாய். எனக்கும் நித்திரை இல்லை. ஆனால் வெறுங்கையோடு வந்து அந்த வாசலில் இறங்க என்னால் முடியாது.

விமல்


குருக்கள்மடம்
17.11.2024

விமலகாந்தன் அவர்களுக்கு,

நீங்கள் தந்த முகவரிக்கு நேற்றுக் காலையில் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் போட்டுவிட்டேன். உங்களுக்கு இதை அதன்பிறகுதான் எழுதுகிறேன், நீங்கள் தடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

அதில் மூன்று விஷயம்தான் இருக்கிறது. என் பெயரில் கொடுத்த கடிதம் நான் எழுதியதல்ல. அதிலுள்ள கையெழுத்தும் என்னுடையதல்ல. என் அண்ணன் வல்லிபுரம் ஜெயசீலனின் பெயரை அந்த விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், அவரைப் பற்றிப் பேச அவருடைய தாய் இரத்தினம்மா உயிரோடு இருக்கிறா. அம்மாவும் கீழே கையெழுத்து வைத்தா. பெருவிரல் அடையாளம் வைக்கமாட்டேன் என்று எழுத்துக்கூட்டி எழுதினா.

உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நீங்கள் பொய் சொன்னீர்கள் என்றும் சொல்லவில்லை. உங்கள் விண்ணப்பம், உங்கள் பெயர், உங்கள் வாய். உங்களுக்குச் சொல்ல இருப்பதை நீங்களே சொல்லுங்கள். எங்கள் வீட்டிலிருந்து எடுத்ததை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

எனக்கும் மகளுக்கும்தான் என்கிறீர்கள். எங்களிடம் யார் கேட்டது? கவிஷ்னா போன கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு என்னோடு வந்தாள். ரீச்சர் கேட்க முன்னமே, "அப்பா வரமாட்டார், அம்மா வந்திருக்கிறா" என்று சொன்னாள். அழவில்லை. நான்தான் வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டுக் கொய்யாவை மசித்தேன். அடுத்த நாள் ஜிப்ரி காக்காவின் கடைக்கு நாற்பது கப் போக வேண்டியிருந்தது.

மாரி தொடங்கிவிட்டது. வாவி நிரம்பி, வயல் பக்கமெல்லாம் வெள்ளமாகக் கிடக்கிறது. மழைக்கு ஐஸ் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று சாமித்தம்பி மாமா புத்தி சொன்னார். ஐஸைக் குறைத்துப் புடிங்கைக் கூட்டியிருக்கிறேன். அடுத்த கச்சானுக்குள் இன்னொரு குளிர்சாதனப் பெட்டி எடுப்பேன்.

வர நினைத்தால் வாருங்கள். வெறுங்கையோடு வந்தாலும் மகளுக்கு நீங்கள் அப்பாதான், பார்க்க விடாமல் மறிக்கமாட்டேன். என்னோடு எப்படி என்பதை, நீங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசிய பிறகு யோசிக்கலாம். அதற்கு முன் எனக்குக் கடிதம் வேண்டாம்.

இங்கே வந்து யாராவது விசாரித்தால் பயமில்லாமல் உண்மையைச் சொல்லுவேன். என் கையெழுத்து எது என்று சந்தேகம் வந்தால் அவர்கள் தூரம் போக வேண்டியதில்லை. இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு கப் மூடியிலும் ஒட்டும் தாளில், செய்தவர் என்ற இடத்தில், நானே கையெழுத்து வைக்கிறேன். கல்யாணத்துக்கு முன் வைத்த அதே கையெழுத்து, அப்பாவின் பெயரோடு. காத்தான்குடியிலிருந்து கல்முனை வரைக்கும் கடைகளில் இருக்கிறது.

உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று கீழே வைக்கிறேன்.

வல்லிபுரம் சுலோஜனா