அவள் என்னை அம்மா என்று அழைப்பதில்லை

இஞ்சியோன், கொரியா, ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்புள்ள நாம்ஹீ,

இங்கே நான் நலம், கால் ஒன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஆக்லாந்து வெயிலில் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நம்பி தேவமாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன், நம்பிக்கை பொய்யென்றால் உடனே தெரிவி. காலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். வீட்டுக்கு வந்த நர்ஸை நான் கதவைச் சாத்தித் துரத்திவிட்டேன் என்று கோயில் மாதர் சங்கத்துப் பெண்கள் சொல்லித் திரிகிறார்கள், அவர்களில் ஒருத்தி உனக்கும் சொல்லியிருக்கிறாள் என்பது போன வாரம் தொலைபேசியில் உன் குரலிலேயே தெரிந்தது. நான் யாரையும் துரத்தவில்லை. வந்தவர்களைத் துரத்தும் பழக்கத்தைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நடந்தது இதுதான். மேட்டின் அடிவாரத்துச் சுகாதார நிலையத்திலிருந்து பியோ காயொன் என்றொரு நர்ஸ், தனியாக இருக்கும் முதியவர்களை வீடு வீடாகப் பார்க்க வருகிறாள். முதல் தடவை வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, உள்ள இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள். உனக்குத்தான் தெரியுமே, இந்த ஊரில் வங்கிக்காரனும் மீன்காரனும்கூட நரைத்த தலையைக் கண்டால் அம்மா என்கிறான், எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை. "எனக்கு ஒரே பொண்ணு, அவ கடல் தாண்டி இருக்கா, அந்த வார்த்தை அவளோடது. நீ வேற வார்த்தை பாத்துக்கோ" என்றேன். அவ்வளவுதான். அவளும் முகம் சுளிக்காமல் "சரிங்க சமோனிம்" என்றாள். உன் அப்பா தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில் இந்தத் தெரு முழுக்க என்னை அப்படித்தானே அழைத்தது, தலைமை ஆசிரியர் மனைவிக்கு உரிய சொல் அது, எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவள் வரும்போதெல்லாம் விருந்தாளிக்குச் செய்வதைச் செய்தேன். பட்டுத் திண்டு போட்டேன், பேரிக்காய் நறுக்கி வைத்தேன், பார்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவளும் திண்டின் விளிம்பில் முழங்கால் மடித்து உட்கார்ந்து இரண்டு கையாலும் கோப்பையை வாங்குவாள், பிரஷர் பார்ப்பாள், சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுகிறேனா என்று கேட்பாள், தலை வணங்கிவிட்டுப் போய்விடுவாள். குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இங்கிருந்து நேரே எங்கே போகிறாள் என்று நினைக்கிறாய், நம் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறைக்கு. அங்கே மேங் ஜொம்ரே இருக்கிறாள், பழைய அட்டைப்பெட்டி பொறுக்கிக் கைவண்டியில் இழுத்துக்கொண்டு போய் எடைக்குப் போடுகிறவள், நீ அவளைப் பார்த்ததில்லை. சுவர் மெலிசு, நான் காது கொடுக்காவிட்டாலும் கேட்கும், கொடுத்தாலும் கேட்கும். "அம்மா, காலை நீட்டுங்க. இது கால் நகமா கழுகு நகமா? வெட்டுங்கன்னு போன தடவையே சொன்னேன்ல" என்பாள் இவள். "வளந்துட்டுப் போகட்டும்டி, என் சம்பாத்தியத்துல வளர்றது அது ஒண்ணுதான்" என்பாள் அவள். பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் என் சிலுவைப்படம் ஆணியில் ஆடும். அங்கே திண்டும் கிடையாது தேநீரும் கிடையாது. வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த அழுக்குக் காலை மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகப் பார்க்கிறாளாம், ஜொம்ரேயே வந்து பெருமையாகச் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. காரணத்தை உன்னிடம் மறைத்து என்ன பயன், எரிச்சல்தான்.

ஜொம்ரேயின் கதையையும் நியாயத்துக்காக எழுதிவிடுகிறேன். அவளுக்கு ஒரு மகன் உண்டு, எங்கே இருக்கிறான் என்று போலீசுக்குக்கூடத் தெரியாது. ஆனால் பதிவில் மகன் இருக்கிறான், மகன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி அவளுக்கு அரசாங்கச் சலுகை எதையும் கொடுக்காமல் பல வருடம் அலையவிட்டார்கள். மூச்சு வாங்கினாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இஞ்சிக் கஷாயத்தில் காலம் தள்ளியிருக்கிறாள். இந்தக் காயொன்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, மகன் ஓடிப்போனவன் என்று அவர்களை ஒத்துக்கொள்ள வைத்தாள். நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பார், ஓடிப்போன மகனைப் பெற்றவளுக்கு ஒரு மகள் கிடைத்தாள், மகள் உயிரோடு இருக்கிற எனக்குத் தலை வணக்கம் கிடைக்கிறது. இதில் நீ வேறு. அந்த முதியோர் இல்லத்தில் நீ குளிப்பாட்டித் தலைசீவி விடுகிற வெள்ளைக்காரக் கிழவி உன்னைக் கண்ணே என்று அழைக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பெயர் என்ன, அவளுக்குப் பெற்ற பிள்ளைகள் இல்லையா. உன் இடுப்பு வலிக்கு அவளைத் தூக்குவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குனிந்து தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு, வீட்டுக்கு வந்ததும் நின்றபடியே ஆறிய சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்ளாதே.

இப்போது கால். உன் அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில், தரைக்கு அடியில் ஓடும் கணப்புச் சூடு அதிகமாக ஏறும் அந்த மூலையில், தரையில் ஒட்டிய எண்ணெய்க் காகிதம் பழுப்பேறிய இடத்தில்தான் குளிர் தொடங்கியதிலிருந்து நான் உட்காருகிறேன். சர்க்கரை என் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது எனக்குத் தெரியாது. இடது சுண்டுவிரல் பக்கம் தோல் சிவந்து, கொப்பளித்து, உடைந்தது. வலியே இல்லை என்பதால் களிம்பு தடவி வெள்ளைக் காலுறையை மேலே போட்டுக்கொண்டேன். காயொன் அந்த நாட்களிலும் வந்தாள், திண்டில் உட்கார்ந்தாள், பேரிக்காய் சாப்பிட்டாள். விருந்தாளிக்கு முன்னால் காலுறையைக் கழற்றுவது எப்படி, நீயே சொல். அவளும் கழற்றச் சொல்லவில்லை. கடைசியில் முள்ளங்கிக் கிம்ச்சி கொண்டுவந்த ஜொம்ரேதான் என் காலுறையில் மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலேயே உருவி எடுத்து, "அய்யோ அக்கா, இது வெந்துபோயிருக்கு! இவ்வளவு படிச்சும் சொந்தக் காலைக் குனிஞ்சு பாக்கத் தெரியலையே!" என்று கத்திக்கொண்டு கீழே ஓடினாள். காயொன் மேடு ஏறி ஓடிவந்தாள். நான் வழக்கம்போல் திண்டை எடுத்துப் போட்டேன். அவள் அதில் உட்காரவில்லை, என் காலைத் தூக்கி அந்தப் பட்டுத் திண்டின்மேல் வைத்தாள். பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லா வீட்லயும் மொதல்ல காலைத்தான் பாப்பேன். இந்த வீட்ல மட்டும் சமோனிம்னு கூப்பிட்ட அப்புறம் சாக்ஸைக் கழட்டுங்கன்னு சொல்ல வாய் வரல" என்றாள்.

கால் தரையில் படக்கூடாது என்றதால் என்னை ஜொம்ரேயின் கைவண்டியில் ஏற்றினார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், உன் அப்பா வாங்கித் தந்த சாம்பல்நிறக் கோட்டோடு, தெரு முழுவதும் பார்க்க இறங்கினேன். டோஃபு கடைக்காரன், "ஜொம்ரே பாட்டி, இன்னைக்குச் சரக்கு நல்ல எடை போலிருக்கே!" என்றான். "வாயை மூடுடா, இது எடைக்குப் போடுற சரக்கில்ல" என்று அவள் வண்டியை நிறுத்தாமலே சொன்னாள். சுகாதார நிலையத்துப் பெஞ்சில் கைக்குழந்தையோடு வியட்நாம்காரப் பெண் ஒருத்தியும், ரயில் நிலையத்தில் படுத்துக்கொள்ளும் முதியவர் ஒருவரும் இருந்தார்கள். காயொன் அவரிடம் "அப்பா, செருப்பு புதுசா?" என்று கேட்டுக்கொண்டு போனாள், அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு. என்னிடம் திரும்பி, "சமோனிம், சாஞ்சு உக்காருங்க" என்றாள். அந்த அறையில் அவளுக்கு உறவில்லாதவள் நான் ஒருத்திதான்.

எலும்பு வரை போகவில்லை, தினமும் சுத்தம் செய்து கட்டினால் ஆறும், கறுத்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். காயொனும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தினம் மேலே வருகிறாள், நான் கடற்பாசிச் சூப் வைத்துக் கொடுத்து உட்கார்ந்து குடிக்கச் சொல்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "செத்த தோல் அப்படியே இருக்கு, ஓரத்துல கறுக்க ஆரம்பிச்சிருக்கு, ஏன் சரியா சுத்தம் பண்ணல?" என்று அவளைக் கடிந்துகொண்டார்.  என்னை வண்டியில் இழுத்து வந்த ஜொம்ரேதான், "அவளை ஏன் டாக்டர் திட்டறீங்க? சமோனிம் போதும்னு சொன்னா அப்புறம் கை வைக்க முடியுமா?" என்றாள். அது உண்மை. உணர்ச்சியில்லாத காலிலும் சுரண்டும்போது உள்ளே எங்கோ சுரீர் என்கிறது, நான் போதும் என்கிறேன், அவள் உடனே கையை எடுத்துவிடுகிறாள். இதே ஜொம்ரே போதும் என்றால், "பேசாம இருங்கம்மா, இன்னும் முடியல" என்று காயொன் அதட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள், நான் சுவர் வழியே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சமோனிமை யாரும் அதட்ட மாட்டார்கள். நேற்று கட்டு போடும்போது அவள் "அம்..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டாள். நான் கவனிக்காதது போல் இருந்துவிட்டேன்.

நான் தவறு செய்தேன் என்று எழுதவில்லை, அப்படிப் படித்துக்கொள்ளாதே. அந்தச் சொல் உன்னுடையது என்று நான் சொன்னது அன்றும் சரி, இன்றும் சரி. உன்னுடையது என்பதால்தான் உன்னைக் கேட்காமல் இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கால் ஆறும் வரைக்குமாவது அவள் அதை எடுத்துக்கொள்ளலாமா?

பிள்ளைகளின் நெற்றியில் என் பெயரால் சிலுவை போடு. தூய ஆவியார் உன் கைகளையும் இடுப்பையும் காப்பாராக. மாதர் சங்கத்துப் பெண்கள் அழைத்தால் கால் விஷயத்தைச் சொல்லாதே, வண்டி விஷயத்தை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். நான் கேட்டதற்குத் தொலைபேசியில் பதில் வேண்டாம். தொலைபேசியில் நீ "அதுக்கென்னம்மா, கூப்பிடட்டும்" என்று சட்டென்று சொல்லிவிடுவாய், அந்தச் சட்டென்றது எனக்கு வேண்டாம். கொஞ்சம் யோசித்து, உன் கையெழுத்தில், சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
அகத்தா