ஒண்ணுமில்லம்மா என்று சொன்ன அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒத்தக்கடையே தூங்குகிறது, மேலூர் ரோட்டில் லாரிச் சத்தம் மட்டும்தான். நீங்கள் இருந்தால், "லைட்ட அமத்திட்டுப் படும்மா, காலைல வேலை கிடக்கு" என்பீர்கள். படுத்தாலும் தூக்கம் வரவில்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். இறந்துபோனவர்கள் மேல் கோபப்படலாமா? தெரியாது. பட்டுவிட்டேன்.

உங்கள் பேத்தி ஜெனி இந்த வாரம் முழுக்க ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். என்னடி என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று ஓடிவிடுவாள். நேற்று சாயங்காலம் தொட்டால் உடம்பு கொதிக்கிறது. பிடித்து உட்காரவைத்து சாக்ஸைக் கழற்றினேன். குதிகாலில் கருவேல முள் ஒடிந்து உள்ளேயே நிற்கிறது, சுற்றிலும் சீழ். டாக்டர் முள்ளை எடுத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். "படிச்சவங்கதானம்மா நீங்க? பிள்ளை காலக்கூடப் பாக்க மாட்டீங்களா?"

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "ஏன்டி பாப்பா சொல்லல?"

"நீ கோயிலுக்குத் தவக்காலக் கஞ்சி காச்சிக்கிட்டு இருந்தேல்ல. அப்பத்தாவும் வலிச்சா சொல்லாதுல்ல. நல்லவங்க சொல்ல மாட்டாங்களாம். ஃபாதர் சொன்னாரு."

உங்கள் வருஷ நினைவுப் பூசையில் ஃபாதர் உங்களைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார், அத்தை. தன் வலியைக்கூட அடுத்தவருக்குப் பாரமாக்காத தாய் என்றார். பெண்கள் பக்கம் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். ஜெனி என் மடியில் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் தூங்கவில்லை.

மார்பில் கட்டி இருந்ததை நீங்கள் எத்தனை மாதம் மறைத்தீர்கள்? பெரியாஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர் "ஏம்மா இம்புட்டு நாளா சொல்லல?" என்று கேட்டபோது, "இவுக ரெண்டு பேரும் வேலைக்குப் போறவுக, எதுக்குத் தொந்தரவு" என்று சிரித்தீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்புறம் துக்கத்துக்கு வந்தவர்கள் யார் முகத்தைப் பார்த்தார்கள் தெரியுமா? "ஒரே வீட்டுல இருந்த மருமகளுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?" வாடிப்பட்டிச் சின்னம்மா என் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். உங்களுக்குப் புண்ணியவதி என்று பெயர். எனக்கு என்ன பெயர், அத்தை?

உங்கள் தாழ்மையை நான் குறை சொல்லவில்லை. தீய்ந்த தோசை உங்களுக்கு, முறுகல் எங்களுக்கு. வேறு யாரும் தொடத் தயங்கிய பக்கத்து வீட்டுப் பெரியவரை நீங்கள்தான் குளிப்பாட்டினீர்கள். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் கடைசி நாட்களில் ஒரு தடவை, வீங்கிப்போன உங்கள் காலைப் பிடித்துவிட வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சேலைக்குள் காலை இழுத்துக்கொண்டு "வேணாம்மா, நீ போய்ப் பிள்ளையப் பாரு" என்றீர்கள். அடுப்படியில் போய் நின்று அழுதேன். எல்லோருக்கும் செய்வீர்கள், உங்களுக்கு மட்டும் யாரும் எதுவும் செய்துவிடக் கூடாது. இதற்கும் தாழ்மை என்றுதான் பெயரா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

இன்றைக்கு மத்தியானம், நம் தெரு ஜெபக்கூட்டத்தை நடத்தும் அன்பியத் தலைவி புஷ்பம் அக்கா வந்தார்கள். வரும் பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். உங்களுக்குத் தெரியாததா! இயேசு சீடர்களுக்குச் செய்தது போல ஃபாதர் காலைக் கழுவிவிட, நாற்காலியில் பெண்களும் உட்காரலாம் என்று ஆனதிலிருந்து வருஷா வருஷம் உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் நழுவிப் போய் வெந்நீர் வாளியும் துண்டுமாக ஃபாதர் பின்னால் நிற்பீர்கள்.

"உங்க அத்தை வாளிய இனி நீதான்டி தூக்கணும். அந்த இடம் சும்மா கிடக்கக் கூடாது."

"வாளி வேணாம்க்கா. எனக்கு நாற்காலி குடுங்க. நான் உக்காருறேன்."

அக்கா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். "அதெல்லாம் கேட்டு வாங்குற சமாச்சாரமாடி? நாங்க கெஞ்சணும், நீ வேணாம் வேணாம்னு சொல்லணும். அதுதான மரியாதை! அம்புட்டுப் பேரு முன்னாடி ஃபாதர் குனிஞ்சு உன் காலக் கழுவுவாரு, கூச்சமா இல்ல?"

"கூச்சமாத்தான்க்கா இருக்கு. குதிகால் பூரா வெடிப்பு."

"அந்த அம்மாவுக்குப் போயி இப்படி ஒரு மருமக," என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்கள். ஆனால் போகும்போது பெயரை எழுதிக்கொண்டுதான் போனார்கள்.

உங்கள் மகன் ஆரப்பாளையத்தில் பஸ் மாறி வீடு வந்து சேர ராத்திரியாகிவிட்டது. சொன்னேன். சாப்பாட்டைப் பிசைந்தபடியே இருந்தார். "அம்மா ஒரு தடவையாவது உக்காந்திருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை நான் உட்காருவேன், அத்தை. ஜெனியை எதிரே, முதல் வரிசையில் உட்காரவைப்பேன். ஊர் முன்னால் அம்மா வெடித்த காலை நீட்டுவதை அவள் பார்க்கட்டும். பூசை முடிந்ததும் வாளியைக் கழுவி, துண்டுகளைத் துவைத்துப் போடுவதும் நான்தான். அதை விட்டுவிட மாட்டேன். ஆனால் இந்த வீட்டில் வலிக்கிறவர்கள் வலிக்கிறது என்று சொல்வார்கள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஒருவேளை நான் நினைப்பது தப்போ? உங்களுக்குக் கோபம் என்றால் கோபம் என்றே சொல்லுங்கள். வருத்தம் என்றால் வருத்தம். கனவிலோ ஜெபத்திலோ எப்படியாவது வியாழனுக்குள் பதில் சொல்லிவிடுங்கள். ஒண்ணுமில்லம்மா என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மருமகள்,
ஜெனியின் அம்மா