மாடி அறையின் இன்னொரு சாவி

ஜூலை 4

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். போனில் நான் எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதுக்கு எட்டாது. அம்மாவிடம் சொன்னால் பாதியை முழுங்கிவிட்டுத்தான் உங்களிடம் சொல்வாள். அதனால் எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டு மாணவிகள் எல்லோருக்கும் விடுதியில் இடம் இல்லையாம். குலுக்கலில் என் பெயர் வரவில்லை. வந்ததிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். முதலில் பார்த்த அறையில் சுவரோரம் மஞ்சளாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. நேர்மேலே கழிவறை. "மழைத் தண்ணிதாம்மா" என்றார் வீட்டுக்கார அம்மா. மழை பெய்து மாதக்கணக்காகிறது. அடுத்த அறையில் மெத்தை முழுக்கக் கறை. தரகர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரிய உபகாரம் செய்வதுபோல அதைப் புரட்டிப் போட்டார். அடிப்பக்கத்துக்கு மேல்பக்கமே தேவலை. இன்னொரு வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் யாரோ வெட்டிப்போட்ட கால்நகங்கள். வெளியே வந்து தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதைக்கு வகுப்புத் தோழியின் அத்தை வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். ரொம்ப நாள் தாங்காது. அத்தையின் முகம் இப்போதே மாறிவிட்டது.

உங்கள் பாப்பா

ஜூலை 9

என் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இனிக் கவலை இல்லை. எங்கள் மில்லில் கணக்கராக இருந்தாரே, அவர் ஓய்வுபெற்று அந்த ஊரில்தான் இருக்கிறார். தறிச்சத்தத்தில் என் காது போனபோது, என்னை வீட்டுக்கு அனுப்பாமல் கிடங்கு வேலைக்கு மாற்றிவிட்ட புண்ணியவான். அவர் வீட்டு மாடியறை சும்மாதான் கிடக்கிறதாம். "அவ எனக்கும் பொண்ணு மாதிரிதான்" என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறார். மாமா என்றே கூப்பிடு. சுத்தத்துக்குப் பேர்போனவர்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. எலும்பும் தோலுமாக வந்து நின்றால் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொள்வாள்.

உன் அப்பா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

அறை சுத்தம்தான். தரையில் முகம் பார்க்கலாம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

என் சோப்பில் நரைமுடி ஒட்டியிருந்தது. என் கண்தான் கோளாறு என்று நினைத்தேன். பிறகு சீப்பிலும் இருந்தது. தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்கு, நான் தேய்க்காத எண்ணெய். நேற்று வகுப்பு நடக்கவில்லை என்று சீக்கிரம் திரும்பினேன். நான் பூட்டிவிட்டுப் போன கதவு திறந்திருந்தது. மாமா என் கட்டிலில், என் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்துப் பதறக்கூட இல்லை.

"வாம்மா. ஃபேன் ஓடுதான்னு பாக்க வந்தேன். அப்படியே கண்ணசந்துட்டேன்."

"சாவி ஏது மாமா?"

"என் வீட்டுக்கு எங்கிட்ட சாவி இல்லாமயா?"

சிரித்துக்கொண்டே எழுந்து, போர்வையை மடித்து என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது, அப்பா. எத்தனை தடவை கழுவியும் கையிலிருந்து அந்தச் சூடு போகமாட்டேன் என்கிறது.

புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் பாப்பா

ஆகஸ்ட் 8

பாப்பாவுக்கு,

பூட்டுப் போட்டது தப்பு. "என்னைத் திருடன் மாதிரி நெனச்சிட்டாளே" என்று கணக்கர் அம்மாவிடம் அழாத குறையாகப் பேசியிருக்கிறார். மனைவி போனபிறகு தனிமரமாக நிற்கும் மனிதர். தன் வீட்டில் கொஞ்சம் அசந்து படுத்தது ஒரு குற்றமா? உன் வயதில் எல்லாமே அருவருப்பாகத்தான் தெரியும். ஒரு மன்னிப்புக் கேட்டால் வாய் தேய்ந்துவிடாது. கொஞ்சம் அனுசரித்துப் போ. அவர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிடாதே.

அப்பா

செப்டம்பர் 1

அப்பாவுக்கு,

அங்கிருந்து கிளம்பி, தோழிகள் இருவரோடு சலவைக்கடை மாடிக்கு மாறியதும் புது முகவரியை உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். நேற்று கணக்கர் படியேறி வந்து நின்றார். "அப்பாதான் அட்ரஸ் எழுதி அனுப்புனாரு" என்றார்.

கையில் ஒரு பை. அவசரத்தில் கொடியில் விட்டுவந்த என் உள்ளாடைகள். துவைத்து, இஸ்திரி போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். "நானே கையால தொவச்சேம்மா" என்றார். தோழிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வருவதற்குள் ஒருத்தி அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள். பையை அப்படியே குப்பையில் போட்டோம். கீழே சலவைக்காரர் "யாரும்மா அந்தாளு?" என்று கேட்டார். "எங்க அப்பாவோட சிநேகிதர்" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். மூன்று பேரும் வேறு இடத்துக்குப் போகிறோம். எங்கே என்று எழுதப்போவதில்லை. கடிதம் போடுவதானால் துறை அலுவலகத்துக்குப் போடுங்கள். நீங்கள் வந்தால் பேருந்து நிலையத்துக்கு வந்து நிற்பேன். சேர்ந்து சாப்பிடுவோம். ஆனால் அறைக்குக் கூட்டிப்போக மாட்டேன்.

அவரை நினைத்தால் குமட்டுகிறது. உங்களை நினைத்தால் என்ன வருகிறதென்று எனக்கே பிடிபடவில்லை. அதுவும் குமட்டலாகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

உங்கள் மகள்

செப்டம்பர் 12

மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மா உரக்கப் படிக்கச் சொன்னாள். பை வரும் இடத்தில் கடிதத்தை மடிக்கப் பார்த்தேன். பிடுங்கி மீதியை அவளே படித்தாள். அதற்குப்பிறகு என்னோடு பேச்சில்லை.

மறுநாள் கணக்கர் போன் செய்தார். அம்மாதான் எடுத்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் எல்லோரும் வெளியே வந்து எட்டிப்பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை.

புது அறை எங்கே என்று எழுதவேண்டாம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று மட்டும் எழுது.

அப்பா