ஊருக்குப் போகிறவர்களின் பெயர்கள்

9-1-76, வெள்ளி. துபாய்

என் பத்திரிகையின் மூன்றாவது இதழை சைக்ளோஸ்டைல் மெஷினில் நூறு பிரதி உருட்டி, தேராவில் கௌஸ் முகம்மதுவின் மளிகைக் கடையில் வைத்திருந்தேன். இன்று போய்ப் பார்த்தால் எண்பத்தொன்று அப்படியே கிடக்கிறது. “நல்லாத்தான் எழுதறீங்கக்கா. நம்மாளுக எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிடறாங்க” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். “அடுத்த இதழோட கலாஸ், நிறுத்திடு” என்றார் இவர். என்னதான் குறை?

21-1-76. சிங்கப்பூர்

இவருடைய கப்பல் கம்பெனி வேலையாக வந்த இடத்தில், இவரோடு பழகிய ஏஜெண்ட் ஒரு சீனப் பத்திரிகை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். எழுபது வருஷப் பத்திரிகை! சுவர் முழுக்க ஈய எழுத்துகள், ஆயிரக்கணக்கில். அச்சுக்கோக்கும் அம்மாள் பார்க்காமலே கையை நீட்டி எடுக்கிறாள். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

துணை ஆசிரியர் லிம் முதல் வருஷத் தொகுப்பைத் திறந்தார். முதல் பக்கத்தில் தலையங்கம் இருக்கும் என்று குனிந்தேன். வெறும் பெயர்கள்! இன்னார், இன்ன ஊர், இன்ன தேதிக் கப்பலில் ஊருக்குப் போகிறார்.

ஏன் என்று கேட்டேன். போகிறவர் யாரென்று தெரிந்தால்தானே கடிதம் கொடுத்துவிட முடியும் என்றார். உலகச் செய்தி மூன்றாம் பக்கமாம்.

என் முதல் பக்கத்தில் என்ன இருந்தது? பெண் கல்வி பற்றி என் கட்டுரை, மூன்று இதழாகத் தொடர்ச்சி. வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

22-1-76

விமானத்திலும் அதே நினைப்பு. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

6-2-76, வெள்ளி. துபாய்

நான்காவது இதழ். முதல் பக்கத்தில் லீவில் போகிற இருபத்துமூன்று பேர்: ஊர், தேதி, ரூம் விலாசம். பெயர்களைச் சேர்த்துக் கொடுத்தது கௌஸ் முகம்மது. ஜும்ஆ தொழுகை முடிந்து அரை மணியில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை! ஷார்ஜா தொழில்பேட்டை கேம்பிலிருந்து ஆள் அனுப்பி இன்னும் ஐம்பது கேட்கிறார்கள்.

13-2-76

பட்டியலில் இருந்த செய்கு அலாவுதீன் வீட்டுக்கே வந்துவிட்டார். “யாரக் கேட்டுக்கா எம்பேரப் போட்டீங்க? நாப்பது பேரு பார்சலோட வந்துட்டான். பெட்டியில என் சட்டைக்கு எடமில்ல.” கேட்காமல் போட்டது என் தப்புதான். ஒப்புக்கொண்டேன். டீ குடித்துவிட்டு, அவர் ரூமில் போகத் தயாராயிருக்கும் இன்னும் இரண்டு பேரைச் சொன்னார். இந்த முறை அவர்களைக் கேட்டுவிட்டுத்தான்.

20-2-76

ஐந்தாவது இதழுக்கு டைப்ரைட்டரில் ஸ்டென்சில் தட்டிக்கொண்டிருந்தேன். இவர் பின்னால் வந்து நின்று, இருபத்தேழு பெயரையும் படித்தார்.

“நம்ம லீவையும் போட்டுடேன். திருச்சிப் பக்கம் போறவங்க இதுல யாருமே இல்ல.”

திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன். தட்டினேன்: அனந்தகிருஷ்ணன் — ஜலஜா, திருச்சி, மார்ச் 12.