நிரோசினியின் கைகளுக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை, கொழும்பு
12.03.2007

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

நேற்றுச் சோதனைச்சாவடியில் ஓர் இராணுவப் பெண் என் தடித்த உள்ளங்கைகளைத் தடவி, “ஆயுதம் பிடித்த கையா?” என்றாள். தோல் கலங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் புரதத்தில் பிறவிக் குறை என்று வகுப்பில் படிப்பிப்பதுபோலவே விளக்கினேன். “கலங்களும் கதைக்குமா, டீச்சர்?” என்று சிரித்தாள். என் நரைத்த நாலு முடியைப் பார்த்துப் போகவிட்டாள்.

நம் மகளுக்கும் அதே கைகள். அவளுக்கோ பதினெட்டு வயது. அதே குறையால் வளராத அவளது முடியை இயக்கத்துப் பெண்கள்போல் கத்தரித்தது என்றே நினைப்பார்கள். தோல் டொக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள். அதுவரை நிரோசினியை வடக்கிலிருந்து கொழும்புக்குக் கப்பலேற்ற வேண்டாம்.

அவளுடைய சிறுவயதுப் படம் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். அப்போதும் முடி இப்படித்தான் என்ற சான்றுக்குத்தான்.

தபால் எடுக்கும் நேரம்.
பாலேஸ்வரி